பூரணி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவள்

இருபத்தேழு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குத் தன் காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? எனக்கு அதுதான் நடந்தது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, நாங்கள் சொல்கிறபடி ஐசியூவுக்கு, நான்தான் இன்சார்ஜ் சிஸ்டர். ஒரு திங்கட்கிழமை காலை மாடியேறி வார்டுக்குள் நுழைந்தபோது பின்னாலேயே வந்த எங்கள் வார்டு நர்ஸ் கதிர்வேல், "சிஸ்டர், உங்க செருப்பு ஒண்ணு படியிலயே கெடக்குது" என்று கையில் எடுத்துவந்து நீட்டினான். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது.

இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அந்த அசதி என்று நினைத்தேன். சர்க்கரை ஏறியிருக்குமோ என்று விரலைக் குத்திப் பார்த்தேன், இல்லை. நோயாளிகளுக்கு நாள் முழுக்க புத்தி சொல்கிற வாய் தனக்கு என்று வந்தால் சாக்குதான் தேடும். புதன்கிழமை குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. என் கணவர் தேவராசு தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் போட்டார். முதலியார்பேட்டை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வருவதற்குள் கைவிரலும் மரத்துப்போயிருந்தது.

நரம்பு டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எகிறவில்லை. கையிலும் காலிலும் மின்சாரம் விட்டு நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கடத்துகிறது என்று பார்த்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த நோய், சுருக்கமாக ஜிபிஎஸ். வெளியிலிருந்து வந்த கிருமியோடு சண்டை போட்ட நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடிக்கத் தொடங்கிவிடும். காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலானோர் எழுந்து நடந்துவிடுவார்கள், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். டாக்டர் அந்தப் பெயர்களை உச்சரித்த விதம் பிடிக்காமல் தேவராசு அந்த நேரத்திலும் அவரைத் திருத்தினார். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர். நான் தலையில் அடித்துக்கொள்ள நினைத்தேன், கை எழவில்லை.

என் வார்டிலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். ஆறாம் நம்பர் படுக்கை. ஐந்து நாள் சொட்டுமருந்து ஏறியது. தினம் காலை கதிர்வேல் வந்து, "சிஸ்டர், ஒரே மூச்சுல எண்ணுங்க" என்பான். மூச்சுத் தசைக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று பார்க்கும் எளிய வழி அது. முதல் நாள் இருபத்தெட்டு வரை எண்ணினேன். அடுத்த நாள் பதினேழு. மூன்றாம் நாள் ஒன்பதில் நின்றுவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். வென்டிலேட்டர் வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருந்தது.

பத்து நாளுக்கு மேல் வாய்வழிக் குழாய் வைத்திருக்க முடியாது என்பதால் கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்தார்கள். அதைத்தான் டிரக்கியாஸ்டமி என்கிறோம். மூச்சுக்காற்று அந்தக் குழாய் வழியாகவே போய்வந்துவிடும், குரல்நாண் பக்கம் ஏறாது. காற்று போகாத இடத்தில் குரல் ஏது? உதடு அசையும், நாக்கு புரளும், தலையைக்கூட ஆட்டலாம். சத்தம் மட்டும் வராது. "லூர்து சிஸ்டர் வந்துட்டாங்களா, இல்லையான்னு கேட் வாச்மேனுக்கே தெரிஞ்சிடும்" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட தொண்டையைக் கடவுள் அடைத்துவிட்டார்.

தேவராசு சும்மா இருக்கவில்லை. லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை அட்டையில் கட்டம் போட்டு தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் அச்சுப்போல எழுதிக்கொண்டு வந்தார். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவார், வேண்டிய எழுத்து வந்ததும் நான் கண்ணைச் சிமிட்டவேண்டும். தலையணையைச் சற்று இறக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். 'தலைய' வரைக்கும் வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. "தலைய சீவி விடணுமா?" என்று கேட்டு, கிளம்புமுன் அழகாகச் சீவிப் பின்னல் போட்டுவிட்டுப் போனார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குப் பின்னல் போட்டதே இல்லை.

இங்கே பூரணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஐசியூவைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. எல்லா ஊரும், எல்லா சாதியும், எல்லா மதமும் அங்கே வேலை செய்யும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் துப்புரவு செய்பவரும் டாக்டரும் ஒரே மேசை. கதிர்வேல் மீனவக் குடும்பத்துப் பையன். ஆண் நர்ஸ் எதற்கு என்று மற்ற வார்டுகள் முகம் சுளித்தபோது, நான்தான் மல்லுக்கட்டி எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் புது நர்ஸுகளிடம் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். ஆனால் நான் படுப்பதற்கு எட்டு மாதம் முன்பு, துணிகள் வைக்கும் லினன் ரூமில் வேலை செய்த பூரணியை ஐசியூ அட்டெண்டராக அனுப்பலாமா என்று சூப்பரின்டென்டென்ட் மேடம் கேட்டார். பூரணிக்கு நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. பேசுவாள், ஏற்ற இறக்கமில்லாமல், சத்தமாக. அன்று மேடத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நான் வேண்டாம் என்றேன். வாயால் சொன்னது போதாதென்று, காது கேளாதவர் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பணிக்கு ஏற்றவர் அல்ல என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் துணிக்கட்டோடு வருவாள், எங்கள் வாசலோடு திரும்பிவிடுவாள்.

கழுத்துக் குழாய் வைத்த ஒன்பதாம் நாள் காலை, என் வலது கெண்டைக்காலில் ஒரு வலி. ஜிபிஎஸ்ஸில் காலெல்லாம் வலிக்கும். கண்ட இடத்தில் சுருக்கென்று குத்தும். அந்த வலி எனக்குப் பழகியிருந்தது. இது வேறு. ஒரே இடத்தில், உள்ளே இறுக்கிக் கட்டினாற்போல். அசையாமல் கிடப்பவர்களுக்குக் காலின் ஆழ்நரம்பில், அதாவது உள்ளே ஓடும் ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொன்றுவிடும். உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அப்படியும் சிலருக்கு வரும். என் கையாலேயே அப்படி இரண்டு பேரின் முகத்தை மூடியிருக்கிறேன்.

காலை டூட்டி மாறும் பரபரப்பு. ஒரு நர்ஸ் வந்தாள். வாயை அசைத்தேன். "வலிக்குதா சிஸ்டர்?" தலையாட்டினேன். "காலா?" ஆட்டினேன். "நோவுக்கு அப்படித்தான் இருக்கும் சிஸ்டர், நீங்க பார்க்காததா" என்று வலி மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுத்து அட்டையும் இல்லை. அடிக்கடி வரும் எழுத்தெல்லாம் முதலில் வருகிறமாதிரி மாற்றி எழுதுகிறேன் என்று தேவராசு அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். இனி அவர் வருவது பதினொரு மணிக்கு.

அன்று வழக்கமான அட்டெண்டர் லீவு. என் விரிப்பை மாற்ற ஆள் இல்லாமல், துணியோடு வாசலில் நின்ற பூரணியைக் கதிர்வேல் கையசைத்து உள்ளே கூப்பிட்டான். ஒரு நர்ஸ் கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொள்ள, பூரணி என்னைத் தன் பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டாள். என் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. யாரிடம் சொல்கிறேன் என்றுகூட நினைக்காமல் வாயை அசைத்துக்கொண்டே இருந்தேன்.

"இருங்க சிஸ்டர். மெதுவா. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள் பூரணி.

சொன்னேன்.

"தம்பி!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கிவாரிப்போட்டு விழித்தார். "சிஸ்டருக்கு சோத்தாங்கை பக்கத்து கால்ல, கெண்டையில வலியாம். நோவு வலி இல்லியாம், வேறயாம். ரத்தம் கட்டியிருக்குமாம். டா... டாப்ளர்? டாப்ளர் எடுக்கணுமாம். அப்படின்னா இன்னா?"

கதிர்வேல் விரிப்பைப் போட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தான். இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தான். வலது கால் நன்றாகவே தடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில், ரத்த ஓட்டம் பார்க்கும் அந்த டாப்ளர் ஸ்கேன் மெஷினைப் படுக்கைக்கே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தொடை வரை போகும் குழாயில் கட்டி. ஊசியின் அளவைக் கூட்டினார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கதை வேற சிஸ்டர்" என்றார் டாக்டர். எனக்கு அந்தக் கதை தெரியும்.

அடுத்த நாளிலிருந்து பூரணி தன் சாப்பாட்டு நேரத்தில் வரத் தொடங்கினாள். கதிர்வேல் யாரிடமும் கேட்காமல் கூட்டிவந்தான். எனக்குள் அடைந்துகிடந்ததெல்லாம் கொட்டியது. தலையணையை இறக்கு. மூக்கு அரிக்குது. மூணாம் நம்பருக்கு டிரிப் தீரப்போகுது, போய்ச் சொல்லு. ஒவ்வொன்றையும் அவள் உரக்கச் சொல்லச்சொல்ல வார்டே சிரித்தது. உதடு வெடித்தால் அவளுக்குச் சரியாகத் தெரியாதே என்று தேவராசு தினமும் என் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐசியூவில் எல்லோர் வாயிலும் மாஸ்க். அவளால் படிக்க முடிந்த ஒரே வாய் என்னுடையது. நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பேசிவிட்டு, இவளுக்கு ஒன்றும் புரியாது என்று முடிவுகட்டியிருந்தோம்.

மூன்றாம் நாள் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு கண்ணாடி ரூம்ல நீங்க பேசுனது பூரா எனக்குத் தெரியும் சிஸ்டர். வெளிய நின்னுக்கிட்டு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். 'அலாரம் அடிச்சா இவளுக்கு யாரு போய் சொல்றது? இவளை பாத்துக்கவே இன்னொரு ஆளு வேணும்'னு சொன்னீங்க. மூஞ்சிய பாவமா வெச்சிக்கிட்டு சொன்னீங்க. அதான் எனக்கு ரொம்ப எரிஞ்சிது."

எனக்குக் கண்ணீர் வழிந்தது. மன்னிச்சிடு என்று வாயசைத்தேன்.

"அழுவாதீங்க. டியூப்ல சளி கட்டிக்கும், அப்புறம் அந்தத் தம்பிதான் உறிஞ்சி எடுக்கணும்" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். கோபத்தோடேயே தினம் வந்தாள், அதுதான் உண்மை.

அந்த வாரமே சூப்பரின்டென்டென்ட் மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். பூரணியைப் பார்த்ததும் புருவம் ஏறியது. "இவங்க ஐசியூக்குள்ள வரக்கூடாதுன்னு லெட்டர் இருக்கே. யாரு விட்டது?" கதிர்வேல் தலையைச் சொறிந்தான். "லெட்டர் குடுத்ததே இவங்கதான மேடம்" என்று என்னைக் காட்டினான். மேடம், "ரூல்னா ரூல்தான் கதிர். நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா?" என்று சொல்லி, லினன் ரூமுக்குப் போகும்படி பூரணிக்குக் கையைக் காட்டினார். அவள் துணிக்கட்டை எடுத்துக்கொண்டாள்.

நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். என்னால் செய்ய முடிந்த கலகம் அவ்வளவுதான். பூரணி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளைப் பார்த்து வாயசைத்தேன். என் கையெழுத்தை அழிக்க எனக்கு இருந்த ஒரே குரல் அவளுடையது.

"அந்த லெட்டரை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம்" என்றாள் பூரணி. "தப்பா எழுதிட்டாங்களாம்."

மேடம் சந்தேகமாகப் பார்த்தார். "அவ சொல்றது நீங்க சொன்னதுதானா சிஸ்டர்?" பலமாகத் தலையாட்டினேன்.

"அலாரம் இங்க நாள் பூரா அடிச்சிக்கிட்டே கெடக்குதாம். கேட்டுக் கேட்டு இவங்க காதெல்லாம் மரத்துப்போச்சாம். யாரும் திரும்பிப் பாக்கறதில்லியாம். படுத்துக்கிட்டு பாத்தப்பதான் தெரிஞ்சிதாம்." அது நான் கண்கூடாகக் கண்ட உண்மை. இரண்டு நாள் முன்பு நாலாம் நம்பரின் ஆக்சிஜன் அளவு இறங்கி அலாரம் அடித்துக்கொண்டிருந்தது, மூன்று பேர் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரையில் எண் குறைவதைப் பார்த்துக் கதிர்வேலின் தோளைத் தட்டியவள் பூரணி.

நான் மேலும் சொன்னேன். பூரணி வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் மேடம். பூரணிக்கு அவர் கேட்டதே தெரியவில்லை, மாஸ்க் மறைத்திருந்தது. கதிர்வேல் மேடத்தின் முகத்தைக் காட்டிச் சைகை செய்தான். மேடம் ஒரு கணம் யோசித்து, இரண்டடி தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கினார். அதே கேள்வியை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அதை நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள் பூரணி. "என்னைப் பத்தியே பெருசா சொல்றாங்க. என்னை நானே எப்படி சொல்லிக்கிறது? வெக்கமா இருக்குது."

நான் விடவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். வார்டே வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள். "இருபத்தேழு வருசத்துல இவங்க பாத்த அட்டெண்டர்லயே நான்தான் ஒசத்தியாம். இவங்க உசுரோட இருக்கறது என்னாலதானாம். போதுமா சிஸ்டர்?"

போதாது என்று தலையாட்டினேன். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கதிர்வேல் புதுக் கடிதம் எழுதி, என் கட்டைவிரலை மையில் ஒற்றி அதில் வைத்தான். நர்ஸ் படித்தவள் கைநாட்டு வைத்தேன், அதில் எனக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை. பத்து நாளில் பூரணி ஐசியூ அட்டெண்டர் ஆனாள். வாய் தெரிகிறமாதிரி முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் மாஸ்க் எங்கள் வார்டுக்கு வந்தது. அலாரம் பார்ப்பது நர்ஸின் வேலை, அது அட்டெண்டர் தலையில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கண்டுபிடித்தோம், என்னையும் சேர்த்து.

ஏழாம் வாரம் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். கரகரவென்று முதல் குரல் வந்தபோது தேவராசு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நீண்ட நாள் பிசியோதெரபி. விரல் மடக்குவது, உட்காருவது, வாக்கர் பிடித்து நிற்பது எல்லாம் குழந்தைபோல மறுபடி கற்றுக்கொண்டேன். இந்த நோயில் படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திரும்பி வரும், அவசரப்படாதீர்கள். ஏழாம் மாதம் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினேன். நின்று பார்க்கும் வேலையைக் கதிர்வேல் எடுத்துக்கொண்டான், உட்கார்ந்து பார்க்கும் வேலை எனக்கு.

போன வாரம் மேடம் போன் செய்தார். ஆண்கள் சர்ஜரி வார்டில் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த ஒருவர் காலையிலிருந்து கட்டிலை அடித்துக்கொண்டிருக்கிறார், யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, பூரணியை அனுப்ப முடியுமா என்றார். "முடியாது மேடம். இன்னிக்கு ஆளு கம்மி. என் ஆளை நான் தர மாட்டேன்" என்றேன். எதிரில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பூரணி நிமிர்ந்தாள்.

"யாரை தர மாட்டீங்க? என்னையா?"

ஆமாம் என்றேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சிஸ்டர்?"

கழுத்தில் குழாய் இல்லாமலே எனக்குப் பேச்சு நின்றுபோனது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கேக்கல. தப்புதான். போறியா பூரணி?" என்றேன்.

"போறேன். ஆனா என் பேரு ஐசியூ ரெஜிஸ்டர்லயே இருக்கட்டும். மாத்திடாதீங்க."

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். "அவரு பொண்டாட்டி நேத்துலேந்து ஒண்ணும் சாப்புடாம வெளிய ஒக்காந்திருக்குதாம். அவ்ளோதான் சிஸ்டர். அதுக்குதான் மனுசன் கட்டிலை அடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு. கேன்டீன்ல இட்லி வாங்கி, அவரு கண்ணு முன்னாடியே சாப்புட வெச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து விரிப்பை மடிக்க உட்கார்ந்தாள்.

அவள் பின்னாலேயே அந்த வார்டின் புது நர்ஸ் ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். "சிஸ்டர், அந்த அட்டெண்டர் அக்கா எந்த வார்டு?" என்று கேட்டாள்.

"எங்க வார்டு" என்றேன். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.